போல்ற்றின் தலைக்குறியும் அதன் தகுதியும்

தமக்கு வேண்டிய சிறு விமானத்தைத் தாமே அமைத்துப் பறக்கும் அமெரிக்கருட் சிலர், மஸ்தா நிறுவனத்தார் மோட்டார்க் காருக்கென ஆக்கிய வாங்கெல் சுழலி எஞ்சினை அதிற் பொருத்துவர். உலோகக் கூடுகளை ஒன்றையடுத்தொன்றாக அடுக்கி ஆக்கப்பட்டது இவ்வெஞ்சின். அவ்வடுக்கை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ற்றுகளே அதனை இறுக்கிப் பிணித்து நிற்பன.

போல்ற்றின் வலிமை அதன் தலையிற் குறிக்கப்படும். 10.9 என்னுங் குறியில் முதலெண், சதுர மில்லிமீற்றருக்கு 1000 நியூற்றன் இழுவிசையைத் தாங்கும் என்பதை உணர்த்தும். அடுத்த எண், அதிற் பத்தில் ஒன்பது பங்கு வரை இழுத்து விடினும் பழைய நீளத்துக்கு மீளும் என்பதை உணர்த்தும்.

ஆயின், குறியைப் பொறித்தல் எளிது. உருக்கை அத்தகுதிக்குப் பதப்படுத்தலே அரிது. போலிப் போல்ற்றுகள் பெருகியமையால் ஐக்கிய அமெரிக்கா 1990இல் தனிச் சட்டமே இயற்றிற்று. அதற்கு முந்திய ஆண்டு, செப்ரெம்பர் 8ஆம் நாள், டென்மார்க்கை அடுத்த கடலில் வீழ்ந்த நோர்வே விமானமொன்றில் இருந்த 55 பேரும் மாண்டனர். அதன் வாற்செட்டையைப் பிணித்த உறுப்புகளுள் தரங்குன்றிய போலிகள் இருந்தமை ஆய்விற் புலனாயிற்று.

ஆதலின், வாங்குவோர் தலைக்குறியோடு அமையாது, ஆக்கியோர் யாவர், எத்தொகுதியைச் சார்ந்தது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பவற்றைக் காட்டுஞ் சான்றிதழையுங் கேட்டுப் பெறல் வேண்டும். பழுதுற்ற காரை வழியோரம் நிறுத்தலாம். வானிலோ நிற்றற்கு இடமில்லை.