கேட்டடியில் மாட்டும் சப்பாத்து

ஜனவரியில் பசறை வீதியிலோ அப்புத்தளைப் பக்கமோ காலை பஸ்ஸில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைச் சீருடை, முதுகில் புத்தகப் பை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு சொப்பிங் பை. அந்தப் பைக்குள்தான் சப்பாத்து இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து பெரிய ரோட்டு வரை சேறு. சப்பாத்து நனைந்தால் மறுநாள் காலைக்குள் காயாது. அதனால் பாடசாலை கேட்டடிக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு, அங்கே சப்பாத்தை மாட்டிக்கொண்டு பிள்ளை உள்ளே போகும்.

ஊவாவுக்கு மழை கொட்டுவது ஒக்டோபர் தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஜனவரி வரை. புது வகுப்பும் புது வெள்ளைத் துணியும் சேறும் ஒன்றாகத்தான் வந்து சேரும். பீலியில் துவைத்து, வெயில் இல்லாத நாளில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகையில் வெள்ளை பழுப்பாகிவிடும். மலைநாட்டுப் பிள்ளைக்கும் வெள்ளைதான் என்று முடிவெடுத்தவர் பீலியில் துணி துவைத்தவராக இருக்க முடியாது.

சீருடை எதற்கு என்று எந்த அதிபரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: உள்ளவன் பிள்ளை, இல்லாதவன் பிள்ளை என்ற வித்தியாசம் தெரியக்கூடாது. நல்ல பதில். தோட்டத்தில் அதன் பெறுமதி இன்னும் கூட, ஏனென்றால் ஆளை உடுப்பால் அளக்கும் கலையை வளர்த்ததே தோட்டம்தான். துரைக்கு அரைக் காற்சட்டையும் நீண்ட காலுறையும், பெரிய கங்காணிக்குக் கோட்டும் தலைப்பாகையும், கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இடுப்பில் படங்கு. தூரத்து மலையில் நிற்பவர் யார் என்பதை முகம் தெரியாமலே சொல்லிவிடலாம். கோப்பிக் காலத்தில் குளிருக்கென்று கொடுத்த கம்பளியும் இனாம் அல்ல. அரிசியோடு சேர்த்து அதன் விலையையும் தொழிலாளியின் கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். உடம்பில் கிடந்த துணியே கடன்.

இந்தப் பின்னணியில்தான் 1993இல் ஜனாதிபதி பிரேமதாச அரசாங்கம் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 1945இல் வந்த இலவசக் கல்வியே தோட்டத்துக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியது 1970களில்தான். சீருடைத் துணியோ நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் வந்தது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு மறுபடியும் துணி. பொருளாதார நெருக்கடிக்குப் பின் சீனா கைகொடுத்தது. 2025ஆம் ஆண்டுக்கான முழுத் தேவையும் சீன நன்கொடையாகவே வந்தது.

ஆனால் கிடைப்பது துணி. தையல்கூலி, சப்பாத்து, காலுறை, டை, விளையாட்டு உடுப்பு எல்லாம் வீட்டுச் செலவு. அண்மையில் 250 மாணவர்களுக்குக் குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க 3,000 ரூபா வவுச்சர் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிறிய தோட்டப் பாடசாலைக்கு அது பெரிய உதவி. அதே லயத்திலிருந்து படிப்புக்காகப் பதுளை நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகும் பிள்ளை அந்த அளவுகோலுக்குள் வராது. அளவுகோல் பார்ப்பது பாடசாலையின் அளவை. அடுப்புக்கு மேலே காயும் காலுறையை அல்ல. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அதற்கு மேல் வருகைக்கென 200 ரூபாவும் அறிவித்தார்கள். 3,000 ரூபாச் சப்பாத்து என்றால் 1,350 ரூபாக் கணக்கில் இரண்டு நாள் கொழுந்துக்கு மேலே, 1,550 ரூபாக் கணக்கிலும் ஏறக்குறைய இரண்டு நாள்.

ஏழையை மறைக்க வந்த உடுப்பு கேட்டடியில் ஏழையைக் காட்டிக்கொடுப்பது இப்படித்தான். சேறு பட்ட சப்பாத்து, பழுப்பேறிய சட்டை, இல்லாத டை எல்லாம் ‘ஒழுக்கக் குறைவு’ என்ற ஒரே பெயரில் கொப்பியில் பதிவாகும். வரிசையிலிருந்து வெளியே எடுத்து நிறுத்துவதும், முழங்காலில் நிற்கவைப்பதும், வீட்டுக்கு அனுப்புவதும் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்த தண்டனைகள். உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. 2018 ஜனவரியில் பதுளையின் தமிழ் மகளிர் பாடசாலை அதிபர் ஒருவரை, மாணவர் அனுமதி தொடர்பான ஒரு விடயத்துக்காக, அப்போதைய ஊவா முதலமைச்சர் மண்டியிடவைத்தார் என்ற செய்தி நாட்டையே கொதிக்கவைத்தது. கொதித்தது நியாயம். அதே தண்டனையைச் சப்பாத்துக்காக அனுபவிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கொதிப்பில் கொஞ்சமும் கிடைப்பதில்லை.

இன்னொரு வகைப் பிள்ளை இருக்கிறது. அதற்குச் சப்பாத்து உண்டு, டை உண்டு. ஆனால் மூக்கில் ஒரு சின்னக் கல், கையில் கோயில் கயிறு, கார்த்திகையில் கழுத்தில் ஐயப்பன் மாலை, அல்லது தலையில் முக்காடு. இல்லாததால் அகப்பட்ட பிள்ளையையும், வேண்டுமென்று அணிந்ததால் அகப்பட்ட பிள்ளையையும் பாடசாலை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. முதல் பிள்ளையின் பிரச்சினை வறுமை. இரண்டாவதன் பிரச்சினை கருத்துச் சுதந்திரம். இரண்டுக்கும் பிரம்பு ஒன்றுதான் என்பது எனக்கு விளங்காத கணக்கு.

மூக்குத்தி விடயத்தில் நமக்கு நெருங்கிய ஒரு வழக்கு இருக்கிறது. இங்கே கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் வந்த அதே நூற்றாண்டில், 1860 முதல், மதராஸிலிருந்து தென்னாபிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் கப்பல்கள் போயின. அந்த மண்ணில், 2004 செப்டம்பர் விடுமுறையில், டர்பன் மகளிர் பாடசாலை ஒன்றின் மாணவி மூக்குக் குத்திக்கொண்டாள். காதில் ஒரு தோட்டுக்கு மேல் எதுவும் கூடாது என்றது பாடசாலை. தாய் கடிதம் எழுதினார்: பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம்; பதினாறு வயதில் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியைக் கழற்றி வைரத்தைப் போடுவார். சடங்கு செய்து வைத்த எந்த மலையகக் குடும்பமும் இந்தக் கடிதத்தைத் தானே எழுதியிருக்கும்.

சமத்துவ நீதிமன்றத்தில் தாய் தோற்றார், மேலே போய் வென்றார். கடைசியில் 2007 ஒக்டோபர் 5ஆம் திகதி தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், பிரதம நீதியரசர் பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பில், பாடசாலையின் விதியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் வைக்கும்படி உத்தரவிட்டது. அதற்குள் அந்தப் பெண் பாடசாலையை விட்டே போய்விட்டாள். தீர்ப்பின் உயிர் ஓரிடத்தில் இருக்கிறது. மூக்குத்தி சமயக் கட்டளையா, விருப்பமா என்று பாடசாலை கேட்டது. கட்டளையாக இல்லாமல் தானாக விரும்பிப் பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் நேரெதிராகப் போய், ஹிஜாப் இஸ்லாத்தில் கட்டாயமானதல்ல என்று சொல்லித் தடையை ஏற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

நம் வீட்டுக் கதையும் சுத்தமில்லை. திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது, 2018 ஏப்ரலில் எதிர்த்து வீதியில் நின்றவர்கள் தமிழர்கள். ஆசிரியைகள் இடமாற்றப்பட்டார்கள். விரும்பிய உடையில் அவர்கள் திரும்பிப்போக வழிசெய்ய வேண்டும் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு 2019இல் பரிந்துரைத்தது. 2022இலும் அங்கே பிரச்சினை ஓயவில்லை. 2024இல் அதே நகரத்து ஸாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் காதை மூடியிருந்தார்கள் என்பதற்காக நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகு வெளியாகின. பொட்டைத் தொட்டால் நமக்குக் கோபம் வரும். முக்காட்டைத் தொட்டவர்கள் நம்மவர்கள் என்றால் ‘பாரம்பரியம்’ என்கிறோம்.

எல்லா அடையாளமும் பிள்ளையின் உரிமை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஓகஸ்ட்டில் தமிழ்நாட்டின் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதி காட்டும் நிறக் கைக்கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. சரியான பரிந்துரை: அங்கே அந்தக் கயிறு இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கும் மிரட்டல். நெற்றிக் குறியையும் அதே பட்டியலில் சேர்த்ததைத்தான் நான் ஏற்கமாட்டேன். பதுளையில் விபூதி பூசிய பிள்ளையால் யாரும் பயந்ததில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1969இல் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டி கட்டிய பிள்ளைகளால் பாடம் குழம்பியதா? இல்லையென்றால் தடுக்காதே.

இலங்கைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும், 12ஆவது சமத்துவத்துக்கும், 14ஆவது பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும். அரச பாடசாலை இவற்றை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். பதுளையிலிருந்து ரயிலில் ஒரு பகல் முழுவதும். அதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்தால், விசாரணை முடியும்வரை நீதிமன்றக் காலக்கெடு ஓடாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தந்த சலுகை இது. தோட்டத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு.

இதெல்லாம் தொடங்குவது ஒரு சின்ன வாக்கியத்தில்: “நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா.” அம்மா காலையில் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலைக்கு ஏறி, கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். படங்கோடு பாடசாலை ஒபிசுக்குள் போக முடியாது. தாய்மார் சேலையில்தான் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பாடசாலைகள் ஏராளம். ஆகவே முதலில் லயத்துக்கு. குளித்து, திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு, பிறகு ரோட்டுக்கு. அதிபர் மீட்டிங் முடித்து வரும்வரை வாங்கில் காத்திருக்க வேண்டும். சப்பாத்து ஏன் சேறாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது பின்னேரக் கொழுந்தும் நிறுத்துவிடுவார்கள். செக்ரோலில் அன்றைக்கு அவருக்கு விழுவது அரைப் பேர்.