பச்சைத் தண்ணி பல்லில் படலாமா?

போன மே மாதம் எங்கள் வீட்டு ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன் என்று தேதி குறித்தோம். முத்தியால்பேட்டைத் தெருவில் இருந்து தூக்கிவந்து வளர்த்த நாட்டு நாய், மூன்று வயது. "ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க, தண்ணி கூட வேணாம். காலையில பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள் கிளினிக்கில். கணக்குப் பார்த்தால் 15 மணி நேரம். கத்திரி வெயில் வேறு.

காலையில் அது காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே வீடெல்லாம் சுற்றியது. நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா ஒரு கிண்ணம் பாலும் ஒரு பன்னும் வைத்துவிட்டார். "வாயில்லா ஜீவன்டா, பாவம். டாக்டர்கிட்ட சொல்லாத, திட்டுவாரு."

நான் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த இரண்டு நாளில் தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

பட்டினி எதற்கு?

இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் வளையம் மாதிரி ஒரு தசை இருக்கிறது. மயக்க மருந்தில் அது தளர்ந்துவிடும். விழுங்குவது, இருமுவது இரண்டும் நின்றுபோகும். சைலசின் போன்ற சில மருந்துகள் நாய், பூனைக்கு வாந்தியையே வரவழைக்கும். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் மூச்சு அடைக்கலாம், நிமோனியா வரலாம். மூச்சுக்குழாயில் டியூப் இருக்கும்வரை ஓரளவு பாதுகாப்பு. அதைப் போடுவதற்கு முந்தைய நிமிடங்களும் எடுத்த பிறகு வரும் நிமிடங்களும்தான் கண்டம்.

ஆகவே அம்மா செய்தது தப்புதான். பால் தண்ணீர் கணக்கில் வராது. வயிற்றுக்குள் போனதும் அது திரிந்து கட்டியாகிவிடும்.

15 மணி நேரம் எங்கிருந்து வந்தது?

1946-இல் நியூயார்க்கின் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 44,016 பிரசவங்களை அலசினார். மயக்கத்தில் 66 பெண்களுக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இருவர் இறந்தார்கள், இருவருக்கும் கெட்டி உணவு மூச்சை அடைத்திருந்தது. திரவம் போனவர்களுக்குக் கெடுதல் செய்தது அதில் இருந்த அமிலம் என்று முயல்களை வைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரியே வாயைக் கட்டும் வழக்கம் எங்கும் உறுதியானது.

எங்கள் தொழிலில் இதை டீஃபால்ட் வேல்யூ என்போம். யாரோ ஒரு காரணத்துக்காகப் போட்டிருப்பார்கள், அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். மனிதர்களுக்கு 1999-லேயே அமெரிக்க மயக்கவியல் சங்கம் தண்ணீர் போன்ற தெளிந்த திரவங்களை 2 மணி நேரம் முன்புவரை அனுமதித்துவிட்டது.

நாய்களில் 1995-இல் கலாட்டோஸ், ராப்டோபூலோஸ் என்ற இரு கிரேக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பட்டினி நீள நீள எதுக்களிப்பு கூடியது, வயிற்றின் அமிலமும் கடுமையானது. அந்த அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கி, ஆறும்போது சுருக்கியும் விடலாம். அதாவது, கூடுதல் பட்டினி கூடுதல் பாதுகாப்பு அல்ல.

இப்போது என்ன சொல்கிறார்கள்?

அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலில், ஆரோக்கியமான வளர்ந்த நாய், பூனைக்கு உணவை 4 முதல் 6 மணி நேரம் நிறுத்தினால் போதும். தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் எல்லா உயிருக்கும் ஒரே கணக்கு இல்லை:

- 8 வாரத்துக்கு உட்பட்ட அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குட்டிகள்: 1 முதல் 2 மணி நேரம்தான். மீறினால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.
- சர்க்கரை வியாதி உள்ளவை: நேரமும் இன்சுலினும் தனிக் கணக்கு.
- அடிக்கடி எதுக்களிப்பவை: நேரம் கூடலாம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.
- முயல்: அதற்கு வாந்தியே வராது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ராத்திரி முழுக்கப் பட்டினி போடவே கூடாது.
- பசு: அசைபோடும் வயிறு பெரிது. வளர்ந்த மாட்டுக்குத் தீவனத்தை ஒரு நாள்வரை நிறுத்துவார்கள்.

இதைப் படித்துவிட்டு நேரத்தை நீங்களே மாற்றாதீர்கள். எந்த மருந்து, எந்த ஆபரேஷன் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். நான் செய்தது ஒன்றுதான். "டாக்டர், எத்தனை மணிக்கு டேபிள்ல ஏத்துவீங்க? தண்ணி எதுவரைக்கும் வைக்கலாம்?" என்று கேட்டேன். காலை ஒன்பதுக்கே முதல் ஆளாக எடுத்துக்கொண்டார். ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் சோறு, கிளம்பும்வரை தண்ணீர் என்று அவரே சொன்னார்.

ஜூலி நல்லபடியாக எழுந்துவிட்டது. அம்மா இன்னும் கேட்கிறார், "நான்தான் பன் குடுத்தேன்னு அவர்கிட்ட சொன்னியா?" சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "சொன்னதே பெரிய விஷயம் சார், நிறைய பேர் சொல்ல மாட்டாங்க" என்றார்.