கவாத்துக் குச்சியை எறியாதீர்கள்!



ஐப்பசி, கார்த்திகையில் ரோஜாவுக்குக் கவாத்துப் பண்ணுகிறீர்கள். வெட்டிப் போட்ட குச்சிகளை என்ன செய்கிறீர்கள்? வேலி ஓரத்தில் முள்ளோடு முள்ளாகக் குவித்து வைத்து, காய்ந்ததும் கொளுத்திவிடுகிறோம். அந்தக் குவியலுக்குள்ளே ஒரு நாற்றங்காலே கிடக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் எந்த ரோஜா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாலைக்கும் குல்கந்துக்கும் போகிற பன்னீர் ரோஜா இருக்கிறதே, புத்தகத்தில் எட்வர்டு ரோஜா என்று எழுதுவார்கள், அது குச்சியில் நன்றாக வரும். ஆந்திரச் சிவப்பு ரோஜாவும் அப்படித்தான். பெரிய பூ பூக்கிற ஒட்டு ரோஜாக்கள், அதிலும் மஞ்சள் நிறத்து ரகங்கள், குச்சியில் வேர் பிடிக்க ரொம்பவும் சண்டித்தனம் பண்ணும். பிடித்தாலும் பல சமயம் சவலைப் பிள்ளை மாதிரியே நிற்கும். அதனால்தான் அவற்றைக் காட்டு ரோஜா வேரின்மேல் மொட்டு ஒட்டுக் கட்டி விற்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒட்டுச் செடியில் ஒட்டுக் கட்டிய முண்டுக்குக் கீழேயிருந்து சில சமயம் ஒரு கிளை விறுவிறுவென்று கிளம்பும். "ஆகா, என்ன செழிப்பு!" என்று அதை வெட்டி நட்டுவிடாதீர்கள். அது வேர்ச்செடியின் கிளை. நட்டால் காட்டு ரோஜாதான் வரும். நாமும் ஏமாந்து, கேட்டவர்களுக்கும் கொடுத்து ஏமாற்றியவர்கள் ஆவோம். முண்டுக்கு மேலேயிருந்து வருகிற கிளைதான் நமக்கு வேண்டும்.

குச்சி எப்படி இருக்க வேண்டும்? பென்சில் கனம். நுனியில் உள்ள பச்சைத் தண்டு அழுகிவிடும். அடியில் உள்ள முற்றின கட்டை வேர் விட யோசிக்கும். பூத்து ஓய்ந்த கிளையின் நடுப்பகுதியே தோது. முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். டக்கென்று சுத்தமாக உடைந்து வந்தால் அது சரியான பருவம். நார் உரிந்து தொங்கினால் இன்னும் இளசு.

ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, ஆறு முதல் எட்டு அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். அடியில் கணுவுக்கு ஒட்டிக் கீழே சாய்வாகவும், மேலே கணுவுக்குக் கால் அங்குலம் விட்டு நேராகவும் வெட்ட வேண்டும். இப்படி வெட்டுவதில் இன்னொரு வசதி, தலை எது கால் எது என்று குழப்பம் வராது. சிரிக்காதீர்கள், கட்டுக் கட்டாக வெட்டிப் போட்டுவிட்டுத் தலைகீழாக நட்டவன்தான் நானும். கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கின கத்தியால் நசுக்கினால் அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும்.

இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே உள்ள ஓர் இலையில் மட்டும் இரண்டு சிற்றிலைகளை விட்டு வையுங்கள். வெட்டிய மேல் நுனியில் நம் பாட்டிமார் சாணி உருண்டை வைப்பார்கள். நுனி காயாமல் இருக்கத்தான். போர்டோ பசை இருந்தால் அதைத் தடவலாம்.

வேர் ஊக்கி மருந்து பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். நாற்றுப் பண்ணைகளில் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்பதை லிட்டருக்கு அரை கிராம் கணக்கில் கரைத்து, குச்சியின் அடியைச் சில விநாடி முக்கி எடுக்கிறார்கள். இது வெறும் தண்ணீரில் எளிதாகக் கரையாது. ஆகவே வீட்டுக்குத் தூளாக விற்பதை வாங்குவதே மேல். பன்னீர் ரோஜாவுக்கு இது இல்லாமலும் நடலாம். பத்துக்கு ஐந்தோ ஆறோ எனக்குப் பிடிக்கிறது. இரண்டு செடி வேண்டுமென்றால் ஐந்து குச்சி நடுங்கள், அவ்வளவுதான்.

செம்மண், ஆற்று மணல், நன்றாக மக்கின தொழு உரம் மூன்றும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட பாலிதீன் பையில் நிரப்புங்கள். ஈரச் சாணி வேண்டாம். சூடு கிளம்பிக் குச்சியைக் கொன்றுவிடும். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, சுற்றிலும் விரலால் அழுத்தி, நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. மேலே ஒரு பாலிதீன் உறையைக் கவிழ்த்து வைத்தால் காற்றில் ஈரம் தங்கும். கரையான் உள்ள இடமாக இருந்தால் பைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் கணுவில் தளிர் எட்டிப் பார்க்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது வேர் விட்டதற்கு அடையாளம் அல்ல. குச்சிக்குள் சேர்ந்திருந்த சத்தைக் கொண்டு விடுகிற தளிர் அது. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அப்போதுதான் கிளம்புகிற நூல் வேர் அறுந்து போகும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். முதல் தளிர் முற்றி, அதற்குமேல் இரண்டாவது தளிர் வந்தால், அல்லது பையின் ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்தால் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குள் மொட்டு விட்டால், மனசு கேட்காதுதான், இருந்தாலும் கிள்ளிவிடுங்கள்.

இனி, எதற்காக இவ்வளவு சொன்னேன் என்றால், எங்கள் வீட்டில் அம்மா வைத்த பன்னீர் ரோஜா ஒன்று கிணற்றடியில் நின்றது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கிணறு வற்றியது. குடிக்கவே குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும்போது ரோஜாவுக்கு எங்கே ஊற்றுவது? சித்திரைக்குள் அடிக்கட்டை வரை காய்ந்து போயிற்று. அப்போது அம்மாவும் இல்லை. செடியும் போனதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறு வருஷம் ஐப்பசியில் மதினி வந்தார்கள், வாழைப்பட்டையில் சுற்றின ஒரு கட்டோடு. "அத்தை எனக்குக் கொடுத்த செடியில வெட்டினது தம்பி, ஏழு குச்சி இருக்கு" என்றார்கள். நாலு பிடித்தது. இப்போது கிணற்றடியில் நிற்பது அதில் ஒன்று. அன்றைக்கு அம்மா ஒரு குச்சியைக் கொடுக்க மறுத்திருந்தால் அந்த ரோஜாவே எங்களுக்கு இல்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். பிரான்சு நாட்டில் பிரான்சிஸ் மெய்யான் என்ற ரோஜா வளர்ப்பாளர், 1939-ல் போர் மூளும் சமயத்தில், தாம் உண்டாக்கிய புது ரகத்தின் மொட்டுக் குச்சிகளை ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா என்று வெளிநாடுகளுக்கு அனுப்பி வைத்தார். போரில் தொடர்பு அற்றுப் போனதால் ஜெர்மனியில் ஒரு பெயர், இத்தாலியில் வேறு பெயர் என்று அது வளர்ந்தது. 1945-ல் அமெரிக்காவில் அதற்கு 'பீஸ்', அதாவது சமாதானம் என்று பெயர் சூட்டினார்கள். மஞ்சளில் இளஞ்சிவப்பு ஓரம் போட்ட அந்த ரோஜா நம் நாட்டிலும் இருக்கிறது.

ஆகவே கேட்டவர்களுக்குக் கொடுங்கள். கேட்காமல் கிள்ளிக்கொண்டு போனால்தான் செடி தழைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு; நம்மிடம் கேட்க வெட்கப்பட்டவர்கள் கட்டிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் நோயைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்து இறங்குகிற கிளை, கரும்புள்ளி விழுந்த செடி, தண்டில் வெள்ளையாகச் செதில் பூச்சி அப்பியது, இவற்றிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. வெளியூருக்கு அனுப்புவதானால் இலையைக் கிள்ளி, ஈரச் சாக்கிலோ வாழைப்பட்டையிலோ சுற்றி, வெயில் படாமல் கொண்டு போங்கள். இரண்டு நாள் தாங்கும். ரகத்தின் பெயரையும், அடிப்பக்கம் எது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

வேர் பிடித்த செடியை உடனே வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்கள். பிறகு ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கின உரமும் மேல்மண்ணும் கலந்து போட்டு, சாயங்கால வேளையில் பையைக் கிழித்து மண் உடையாமல் நட்டு, உடனே தண்ணீர் விடுங்கள். நட்ட பிறகு இரண்டு குச்சி மிஞ்சினால் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.