பார்க்கப்படுவோரும் படிக்கப்படுவோரும்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், ரொறன்ரோவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பொடியனும் இரவு வேலைக்கு வருகிறான். மெசின் ஓடும் எட்டு மணித்தியாலமும் அவனது காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் தேநீர் இடைவேளையில், "அங்கிள், நீங்கள் ஊரில யூனிவர்சிற்றியில படிப்பிச்சனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. ஜோர்டன் பீற்றர்சனைத் தெரியுமோ?" என்று கேட்டான். தெரியும் என்றேன். சோம்ஸ்கியைத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். "ஆர் அது?" என்றான்.

இணையத்தில் பழமைவாதப் புத்திஜீவிகளே கண்ணில் படுகிறார்கள், இடதுசாரிகளைக் காணவில்லை என்பது எம்மிடையே அடிக்கடி எழும் முறைப்பாடு. பழமைவாதிகளோ தாங்கள்தான் இருட்டடிப்புச் செய்யப்படுவதாகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்றே முதலில் தோன்றும். 'தெரிதல்' என்பதை எதனைக் கொண்டு அளக்கிறோம் என்று கேட்டால் விடயம் வேறாகிறது.

இதனை எண்ணிப் பார்க்க முயன்றவர்களுள் ஒருவர் அமெரிக்க நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர். பொதுப் புத்திஜீவிகளின் வீழ்ச்சி பற்றி 2001இல் அவர் வெளியிட்ட நூலில் 546 பெயர்களை எடுத்துக்கொண்டு, அவை வெகுஜன ஊடகங்களிலும், இணையத்திலும், ஆய்வு மேற்கோள்களிலும் எத்தனை தடவை வருகின்றன என்று தனித்தனியே கணக்கிட்டார். ஊடகங்களில் முதலிடம் ஹென்றி கிஸிங்கருக்கு. ஆய்வு மேற்கோள்களில் முதலிடம் மிஷேல் பூக்கோவுக்கு, அதுவும் 1984இலேயே இறந்துபோன ஒருவருக்கு. போஸ்னரின் முறையில் குறைகள் உண்டு. கிஸிங்கரின் பெயர் அடிபட்டது சிந்தனைக்காகவா, வகித்த பதவிக்காகவா என்பது அவரது எண்ணிக்கையில் தெரியாது. ஆனாலும் பார்க்கப்படுவோர் வேறு, படிக்கப்படுவோர் வேறு என்பது அதில் துலக்கமாகிறது. பழமைவாதி பல்கலைக்கழகத்தைப் பார்த்து முறையிடுகிறார், நாங்கள் திரையைப் பார்த்து முறையிடுகிறோம்.

இந்தப் பிரிவு இணையத்தோடு வந்ததல்ல. அறுபதுகளின் இடதுசாரித் தலைமுறை பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்து, தமக்குள்ளேயே எழுதிப் படிக்கும் துறைசார் நிபுணர்களாகச் சுருங்கிவிட்டது என்று ரஸ்ஸல் ஜேக்கபி 1987இல் எழுதினார். அதே ஆண்டில்தான், சர்ச்சைக்குரிய விடயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க ஒலிபரப்பாளரைக் கட்டாயப்படுத்திய 'நியாயக் கோட்பாடு' நீக்கப்பட்டது. 1988இல் ரஷ் லிம்போவின் வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. அதற்கும் முன்னர், 1971இல், வர்த்தகச் சபைக்கு லூயிஸ் பவல் எழுதிய குறிப்பு, கருத்துலகைக் கைவிடவேண்டாம் என்று முதலாளிகளை எச்சரித்திருந்தது. ஹெரிற்றேஜ் பவுண்டேசன் 1973இல் அமைந்தது. இணையம் வந்தபோது அவர்களிடம் பணமும் பேச்சாளரும் பேசும் பழக்கமும் தயாராக இருந்தன.

2009இல் தொடங்கிய 'பிறேகர் யூ' இதற்கு நல்ல உதாரணம். பெயரில் பல்கலைக்கழகம், பட்டம் எதுவும் கொடுப்பதில்லை. ஐந்து நிமிட வீடியோக்கள், எல்லாம் இலவசம். எண்ணெய், எரிவாயு அகழ்வுத் தொழிலில் பணம் சேர்த்த ரெக்சாஸ் வில்க்ஸ் சகோதரர்கள் அதற்கு வாரிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பேராசிரியர்களின் கட்டுரைகளோ பணம் கட்டினால் மட்டுமே திறக்கும். அக்கட்டுரைகளை ஜேஸ்டோர் களஞ்சியத்திலிருந்து மொத்தமாக இறக்கியதற்காக ஆரன் சுவார்ற்ஸ் என்ற இளைஞர்மீது 2011இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2013 ஜனவரியில், 26 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார்.

திரையின் பின்னால் உள்ள கணினி நிரலுக்கும் இதில் பங்குண்டு. ஏழு நாடுகளில் செய்த ஆய்வொன்றை 2021இல் ருவிட்டர் நிறுவனமே வெளியிட்டது. ஜேர்மனி தவிர்ந்த ஆறிலும் வலதுசாரி அரசியல்வாதிகளின் பதிவுகளே அந்நிரலால் கூடுதலாகப் பரப்பப்பட்டிருந்தன. ஏன் என்பதை அவர்களால் விளக்க முடியவில்லை. ஆய்வு அரசியல்வாதிகளையும் செய்தி நிறுவனங்களையும் பற்றியது, புத்திஜீவிகளைப் பற்றியதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பணத்தையும் நிரலையும் மட்டும் காட்டி நாங்கள் தப்பிக்க முடியாது. பீற்றர்சன் 2016இல் தன் வீடியோக்களால் பிரபலமானபோது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஓர் உளவியல் பேராசிரியர், அவ்வளவுதான். அவர் இளைஞனிடம் நாளைக் காலை எழும்பி என்ன செய்வது என்று பேசினார். நாங்கள் அவனுக்கு நவதாராளவாதத்தை விளக்கினோம். 2019 ஏப்ரலில் இதே நகரத்தில் பீற்றர்சனும் ஸிஸெக்கும் விவாதித்தபோது, பீற்றர்சன் 'கம்யூனிஸ்ற் அறிக்கை'க்கு அப்பால் மார்க்ஸைப் பெரிதாகத் தொடவில்லை. நீங்கள் சாடும் அந்த மார்க்சியர் யார் என்று ஸிஸெக் கேட்டதற்குத் தெளிவான பதிலும் வரவில்லை. எம்மவர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். தொழிற்சாலையில் எவரும் சிரிக்கவில்லை.

சோம்ஸ்கி பற்றிய 1992ஆம் ஆண்டு விவரணப்படத்தைப் பொடியனுக்குக் கொடுத்தேன். இரண்டே முக்கால் மணித்தியாலம். இரு விளம்பரங்களுக்கிடையில் வழமையான கருத்தை மட்டுமே சொல்லலாம், மாறான கருத்துக்கு ஆதாரம் காட்ட நேரம் வேண்டும் என்று சோம்ஸ்கி அதில் விளக்குகிறார். இன்று பொடியன் கேட்கும் உரையாடல்கள் மூன்று மணித்தியாலம் போகின்றன. நேரம் வந்துவிட்டது, அதில் பேசிக்கொண்டிருப்பவர் வேறொருவர்.

அடுத்த வாரம் அவன் சொன்னான்: "நல்லாத்தான் இருந்தது அங்கிள். ஆனா நான் பிறக்கமுந்தி எடுத்தது. இப்ப எங்கட வேலையைப் பற்றி, இந்த ஏஜென்சிச் சம்பளத்தைப் பற்றி இப்பிடி ஆராவது கதைக்கினமோ?"

இரண்டொரு பெயர்களை எழுதிக் கொடுத்தேன். ஒருவரின் உரை பணம் கட்டாமல் திறக்கவில்லை என்று துண்டைத் திருப்பித் தந்தான்.