முதியோர் இல்லமும் உயிர் காக்கும் கடமையும்

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டு என்னும் நகரில் நிகழ்ந்தது இது. முதியோர் குடியிருப்பு ஒன்றின் உணவுக்கூடத்தில் 87 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்து சாய்ந்தார். மூச்சு அடங்கத் தொடங்கியது. ஊழியர்கள் 911 என்ற அவசர எண்ணை அழைத்தார்கள். மறுமுனையில் பேசிய பெண்மணி, ஆம்புலன்ஸ் வரும்வரை மூதாட்டியின் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலுமாறு ஏழு நிமிஷம் மன்றாடினார். நிலையத்தின் விதி அதற்கு இடந்தராது என்பதே விடை. ஊழியரல்லாத வேறு யாரேனும் அங்கில்லையா என்றும் அவர் கேட்டுப் பார்த்தார். பயனில்லை. மூதாட்டி இறந்துபோனார்.

ஏழு நிமிஷம் என்பது சிறுபொழுதன்று. இதயம் நின்றால், நான்கு முதல் ஆறு நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. மார்பின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்தினால் ஓரளவு இரத்தம் மூளைக்குச் செல்லும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட இம்முறைக்குக் கருவி எதுவும் வேண்டா.

பின் ஏன் மறுத்தார்கள்? முதியோர் தாமே தனித்து வாழும் குடியிருப்புக்கும் மருத்துவப் பராமரிப்பு இல்லத்துக்கும் அந்நாட்டில் வேறுபாடு உண்டு. முன்னது சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய வாடகை வீடு. பின்னதில் ஊழியர் உதவியே ஆகவேண்டும் என மத்திய அரசு அவ்வாண்டு அக்டோபரில் தெளிவுபடுத்தியது. கலிபோர்னியாவும் அதே ஆண்டில் சட்டம் இயற்றி, தானாக உதவ முன்வரும் ஊழியரைத் தடுக்கும் விதியை எந்த முதலாளியும் வகுக்கலாகாது என்றது. உதவியே தீரவேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. அது ஒரு குறையென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். மூதாட்டி இயற்கையாகவே உயிர்விட விரும்பியவர் என்று குடும்பத்தார் கூறினர். நிலையத்தின்மேல் அவர்களுக்குக் குறையில்லை. முதிர்ந்த உடலில் மார்பை அழுத்தினால் விலா எலும்பு முறியலாம், பிழைப்போரும் சிலரே. வேண்டாமென்று சொல்லும் உரிமை முதியவருக்கு உண்டு, நிலையத்துக்கு இல்லை. அன்றோ, அவர் விருப்பத்தைத் தெரிவிக்கும் ஆவணம் எதுவும் ஊழியர் கையில் இல்லை.

கலிபோர்னியாவில் அத்தகைய மருத்துவக் கட்டளையை இளஞ்சிவப்புக் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது வழக்கம். வீட்டிலிருப்போர் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கிறார்கள். ஓடிவருபவர் கண்ணில் முதலில் படவேண்டுமல்லவா?