காற்றை ஆராய ஒரு திட்டம்

நெல் விதைக்கும் உழவன் நெல்லையே எதிர்பார்க்கிறான். எத்தனை புசல் விளையும் என்பதில் அவனுக்கு ஐயம் இருக்கலாம். என்ன விளையும் என்பதில் ஐயம் இல்லை. பாலம் அமைக்கும் பொறியியலாளனும் அத்தகையவனே. வேலை முடியும் நாள் பிந்தலாம், செலவு கூடலாம். ஆயினும் முடிவில் நிற்கப்போவது பாலந்தான் என்பதை அவன் அறிவான். விஞ்ஞான ஆராய்ச்சிக்குத் திட்டம் வகுப்போரின் நிலை இதனின்றும் வேறானது. எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது முன்னரே தெரிந்திருப்பின், அதனைத் தேட வேண்டிய தேவையே எழாது. அறியாத ஒன்றை நோக்கி, இத்தனை ஆண்டில், இத்தனை செலவில், இத்தனை பேரைக் கொண்டு செல்வோம் என்று எவ்வாறு திட்டமிடுவது?

இக்கேள்விக்கு விடை காண முயன்ற நிறுவனங்களுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் குறிப்பிடத்தக்கது. 1960ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்தில், றொக்கி மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள போல்டர் நகரில் இது நிறுவப்பெற்றது. இந்நிலையத்தின் வரலாறு, திட்டம் என்பது எதைச் செய்யவல்லது, எதைச் செய்யவியலாது என்னும் இரண்டையும் தெளிவாகக் காட்டுகின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் வானிலை ஆராய்ச்சிக்குப் புதிய கருவிகள் வாய்த்தன. ரேடார் முகிலின் உட்புறத்தைக் காட்டியது. 1950ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கணிப்பொறியைக் கொண்டு வானிலை கணிக்கப்பட்டது. கருவிகள் பெருகிய அளவுக்கு, அவற்றைக் கையாளத்தக்க அறிஞர்களும் மாணவர்களும் பெருகவில்லை. இக்குறையை ஆராய்வதற்கு அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் 1956ஆம் ஆண்டில் ஒரு குழுவை நியமித்தது. லொயிட் பேர்க்னர், வானிலையியல் மேதை கார்ல் குஸ்தாவ் ரொஸ்பி, கணித மேதை ஜோன் வொன் நொய்மன் முதலியோர் அதில் இடம்பெற்றனர். ரொஸ்பியும் வொன் நொய்மனும் 1957ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டனர். 1958இல் வெளிவந்த அறிக்கை இரண்டு செயல்களை வற்புறுத்தியது: பல்கலைக்கழகங்களில் நடைபெறும் அடிப்படை ஆராய்ச்சிக்கு உதவி பெருக வேண்டும், அவற்றுக்கெல்லாம் பொதுவான தேசிய நிறுவனம் ஒன்றும் வேண்டும்.

இரண்டாவது யோசனை எல்லாராலும் உடனே வரவேற்கப்பட்டதென்று கொள்ளலாகாது. பெரிய நிறுவனம் ஒன்று தோன்றினால், தத்தம் பல்கலைக்கழகத்திலுள்ள சிறந்த அறிஞர்கள் அங்கு ஈர்க்கப்பட்டுவிடுவார்கள் என்னும் அச்சம் இருந்தது. ஆகவே, 14 பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடித் தாமே அந்நிறுவனத்திற்கான திட்டத்தை வகுக்க முற்பட்டன. 1959ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அத்திட்டம் நூலுருப் பெற்றது. அதன் அட்டையின் நிறங் கருதி அதனை 'நீலப் புத்தகம்' என்றே இன்றும் வழங்குகின்றனர்.

நீலப் புத்தகம் நான்கு காரணங்களை எடுத்துரைத்தது. வளிமண்டலம் உலகம் முழுவதையும் சூழ்ந்தது. அதன் பிரச்சினைகளை ஆராயும் முயற்சியும் அவ்வளவுக்குப் பெரிதாக இருத்தல் வேண்டும் என்பது முதலாவது. இதற்கு வேண்டிய விமானங்களையும் கணிப்பொறிகளையும் தனியொரு பல்கலைக்கழகம் தாங்கவியலாது என்பது இரண்டாவது. பௌதிகம், இரசாயனம், கணிதம் முதலிய பல துறையினரும் ஓரிடத்திற் கூடி உழைக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் இயல்பாக உள்ள உறவு கெடாமலும், பல்கலைக்கழகங்களின் சமநிலை குலையாமலும் இவை நிறைவேற வேண்டும் என்பது நான்காவது. ஆராய்வதற்குரிய பிரச்சினைகள் பலவற்றை நூல் விரித்துரைத்தது உண்மையே. ஆயினும், இன்ன ஆண்டில் இன்ன உண்மை வெளிப்படும் என்று அது உறுதி கூறவில்லை. தனியொருவரால் தூக்கவியலாத சுமை எது என்பதை அறிந்து, அதனைப் பலரும் சேர்ந்து தூக்குவதற்கான வழியை வகுத்ததே அதன் சிறப்பு.

நிலையத்தின் முதல் இயக்குநராகச் சூரியனை ஆராயும் வானியலாளர் வால்ற்றர் ஓர் றொபேட்ஸ் பொறுப்பேற்றார். நிலையத்திற்கெனத் தெரிவு செய்யப்பட்ட மேட்டு நிலத்துக்கு ஓர் இடையூறு இருந்தது. மலைச்சரிவின் அழகு கெடாதிருக்கும் பொருட்டு, குறித்த உயரத்துக்கு மேல் நகரக் குடிநீர் வழங்குவதில்லை என்று போல்டர் மக்கள் 1959இல் வாக்களித்து விதி செய்திருந்தனர். 1961இல் அதே மக்கள் மீண்டும் வாக்களித்து, இந்நிலையத்துக்கு மாத்திரம் விலக்கு அளித்தனர். மலையோடு இசைந்து நிற்கும் கட்டடத்தை ஐ. எம். பேய் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அமைத்தார். பழங்குடி மக்கள் மேசா வேர்டே என்னுமிடத்தில் மலைக்குடைவுகளில் அமைத்த இல்லங்களே அவருக்கு முன்மாதிரியாயின.

இனித் திட்டத்தின் பயனைக் காண்போம். 1971ஆம் ஆண்டில் இந்நிலையத்தைச் சேர்ந்த றோலண்ட் மடன், போல் ஜூலியன் என்னும் இருவர், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள கன்ரன் தீவின் வானிலைப் பதிவுகளைக் கணிப்பொறியிலிட்டு ஆராய்ந்தனர். பலூன்களை நாடோறும் உயரவிட்டுத் திரட்டிய ஏறக்குறையப் பத்தாண்டுக் காலப் பதிவுகள் அவை. காற்றின் வேகமும் அமுக்கமும் 40 முதல் 50 நாள்களுக்கு ஒருமுறை ஏறியிறங்குவதை அவர்கள் கண்டனர். பின்னர் ஏனைய நிலையங்களின் பதிவுகளையும் ஆராய்ந்தபோது, இந்து சமுத்திரத்தின்மேல் பெருமுகில் திரண்டு, மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கிப் பசிபிக் வரை நகர்வது புலனாயிற்று. மடன்–ஜூலியன் அலைவு என இன்று உலகெங்கும் அறியப்படுவது இதுவே.

இவ்வலைவு இலங்கைக்குப் புறம்பானதன்று. அதன் மழைமுகில் இந்து சமுத்திரத்தின்மேல் நிற்கும்போது எமது தீவிலும் மழை மிகுவதற்கு வாய்ப்புக் கூடுகின்றது. அது கிழக்கே அகன்றதும் வறண்ட நாள்கள் தொடரக்கூடும். பருவமழையை நம்பி வயலில் இறங்குவோருக்கு, அடுத்துவரும் இரண்டு மூன்று வாரங்கள் எத்தன்மையன என்பதை ஓரளவேனும் அறிய உதவும் குறிகளுள் இதுவும் ஒன்றாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இவ்வலைவு தோன்றும் இடத்திலேயே அதனை ஆராயப் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடினர். இந்நிலையத்தின் ரேடார் ஒன்று மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு தீவுக் கூட்டத்தில் நிறுத்தப்பட்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். 2011ஆம் ஆண்டு ஆராய்ச்சி திட்டமிட்டு நடந்தது. 1971ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு எவருடைய திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அது வெறும் தற்செயலும் அன்று. ஆண்டுக்கணக்கான பதிவுகள் இருந்தன. அவற்றை ஆராயவல்ல கணிப்பொறி இருந்தது. உடனடிப் பயன் யாது என்று வினவாது பொறுத்திருந்த நிறுவனமும் இருந்தது. கண்டுபிடிப்பைத் திட்டமிட முடியாது. அது நிகழ்வதற்கு வேண்டிய நிலைமைகளைத் திட்டமிடலாம் என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

தேவையிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிகளும் உண்டு. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயோர்க் விமான நிலையத்தில் இறங்கவிருந்த விமானம் ஒன்று வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிமுகிலிலிருந்து குளிர்காற்று திடீரெனக் கீழே கொட்டி, நிலத்தில் மோதி நாற்புறமும் சிதறுவதே காரணம் என்று சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புஜிற்றா கூறினார். இதனை ஏற்கத் தயங்கியோர் பலர். இந்நிலையத்து விஞ்ஞானிகள் அவருடன் சேர்ந்து 1982ஆம் ஆண்டில் டென்வர் விமான நிலையத்தைச் சூழ ரேடார்களை நிறுத்தி, அத்தகைய காற்றுகளைப் பன்முறை நேரிற் பதிவு செய்தனர். 1985இல் டலஸ் நகரில் இதே காரணத்தால் இன்னுமொரு விமானம் வீழ்ந்து 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விமானிகளுக்குப் புதிய பயிற்சியும், விமான நிலையங்களில் எச்சரிக்கைக் கருவிகளும் நடைமுறைக்கு வந்தன. 1994ஆம் ஆண்டுக்குப் பின்னர் அமெரிக்காவில் இக்காரணத்தால் பெரிய பயணிகள் விமான விபத்து எதுவும் நேர்ந்ததில்லை.

இவ்வாறு, பயன் கருதாத ஆராய்ச்சியையும் பயன் கருதிய ஆராய்ச்சியையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவதற்குத் திட்டம் இன்றியமையாதது. நிலையத்தின் பணத்திற் பெரும்பகுதியை அரசாங்கத்தின் தேசிய விஞ்ஞான நிதியம் வழங்குகின்றது. 14 பல்கலைக்கழகங்களுடன் தொடங்கி, இன்று 120க்கும் மேற்பட்டவற்றை உறுப்பாகக் கொண்ட பல்கலைக்கழகக் கூட்டுத்தாபனம் அதனை நிருவகித்து வந்துள்ளது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்காலத் திட்டம் ஒன்று எழுதப்படும். வெளியாரான நிபுணர்கள் நிலையத்தின் பணியை மதிப்பிடுவார்கள். விமானமோ ரேடாரோ வேண்டுவோர் நெடுங்காலம் முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும், கேட்டவர்க்கெல்லாம் கிடைப்பதில்லை.

உயரப் பறந்து வளியை ஆராயவல்ல 'ஹையப்பர்' என்னும் விமானம் இதற்கோர் எடுத்துக்காட்டு. அத்தகைய விமானம் வேண்டும் என்ற எண்ணம் 1980களிலேயே எழுந்தது. ஆராய்ச்சிக்கு அது பயன்படத் தொடங்கியதோ 2005ஆம் ஆண்டில். 2009 முதல் 2011 வரை அது பசிபிக் சமுத்திரத்தின்மேல் வடதுருவப் பகுதியிலிருந்து தென்பகுதி வரை பறந்து, கரியமில வாயு முதலியவை எங்கெங்கு எவ்வளவு உள்ளன என்று அளந்தது. எண்ணத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே ஒரு தலைமுறை சென்றுவிட்டது. நினைவுறுதி உள்ள நிறுவனம் ஒன்று இல்லாவிடின் இத்தகைய காரியம் கைகூடாது.

கைவிடுவதும் திட்டத்தின் ஒரு பகுதியே. 1960களில் இந்நிலையம் டெக்சஸ் மாநிலத்தில் அமைத்த பெரும் பலூன் தளம் 1980களில் வேறு நிருவாகத்துக்குக் கைமாறியது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்றைத் தொட இயலும். வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தொடங்குமுன் ஆராய்தல் என்பதில் எதைத் தொடங்காதிருத்தல் என்பதும் அடங்கும்.

நிலையத்தின் இன்னொரு கொள்கை உலகுக்குப் பெரும்பயன் விளைத்தது. 1960களின் நடுப்பகுதியில் அகிரா கசஹாராவும் வொறன் வொஷிங்டனும் உலக வளிமண்டலம் முழுவதையும் கணிதச் சமன்பாடுகளாற் பிரதிபலிக்கும் மாதிரியொன்றை அங்கே உருவாக்கினர். இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று அது. 1983ஆம் ஆண்டில், வேண்டும் ஆராய்ச்சியாளர் எவரும் பெற்றுப் பயன்படுத்துமாறு பொதுக் காலநிலை மாதிரி ஒன்று வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில், வேறு நிறுவனங்களோடு சேர்ந்து ஆக்கிய வானிலை எதிர்வுகூறல் மாதிரியும் அவ்வாறே விலையின்றி வெளியிடப்பட்டது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களமும் அதனைப் பயன்படுத்துகின்றது. கொலராடோவில் எழுதப்பட்ட கணக்கு கொழும்பில் மழையை எதிர்வுகூற உதவுகின்றது.

இவ்வளவு நீண்ட திட்டத்துக்கு ஆதாரமான பணமோ ஆண்டுதோறும் வாக்கெடுப்பினால் வழங்கப்படுவது. இங்கேதான் இடர் உள்ளது. 2020–2024 காலத்துக்கான திட்டத்தில், மக்களும் அரசாங்கங்களும் கைக்கொண்டு செயற்படத்தக்க அறிவை வழங்குதல் வேண்டும் என்று நிலையம் வற்புறுத்தியது. ஆயினும், 2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இந்நிலையத்தைக் கலைத்துப் பிரித்துவிடும் தன் நோக்கத்தை அறிவித்தது. காலநிலை பற்றிய வீண் அச்சத்தை இது பரப்புகின்றது என்பது அரசாங்கத்தின் குற்றச்சாட்டு. வானிலை ஆராய்ச்சி போன்ற இன்றியமையாத பணிகள் வேறிடத்துக்கு மாற்றப்படும் என்றும் அது கூறியது. விஞ்ஞானிகள் பலர் இதனை வன்மையாக எதிர்த்தனர்.

இவ்வழக்கில் நீலப் புத்தகத்தின் நான்கு காரணங்களையும் மீண்டும் எடுத்து நோக்குவது பயனுடைத்து. விமானத்தை ஓரிடத்துக்கும் கணிப்பொறியை இன்னோரிடத்துக்கும் அனுப்புதல் கூடும். ஆனால் விமானம் அளந்ததை மறுநாளே கணிப்பொறியில் இடுபவனும், அவ்விடையைக் கண்டு அடுத்த பறப்பின் வழியை மாற்றுபவனும் ஒருவரையொருவர் நாடோறும் காண்பதனால் விளையும் பயனைப் பிரித்து அனுப்புதல் இயலாது. கட்டடம் ஐந்தாறு ஆண்டில் எழும்பும். பல துறையினரும் ஒருவர் மொழியை ஒருவர் விளங்கி உழைக்கும் பழக்கம் உருவாவதற்கு ஒரு தலைமுறை செல்லும்.

வளிமண்டலத்துக்கு நாட்டெல்லை இல்லை. இந்து சமுத்திரத்தின்மேல் திரளும் முகிலைப் பசிபிக் தீவொன்றின் பதிவிலிருந்து அறிந்துகொண்டது அமெரிக்க மலையடிவாரத்து நிலையம் ஒன்று. அதன் எதிர்காலம் அமெரிக்க மக்களின் தீர்ப்பைப் பொறுத்தது எனினும், அதன் விளைவு அவர்களோடு நின்றுவிடாது. சிறிய நாடுகள் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடமும் ஒன்று உண்டு. பெருங் கணிப்பொறியும் ஆராய்ச்சி விமானமும் எல்லா நாட்டுக்கும் இயல்வன அல்ல. நாடோறும் தவறாது மழையை அளந்து எழுதிவைத்தல் எல்லா நாட்டுக்கும் இயல்வதே. கன்ரன் தீவில் பலூன் ஏற்றியவர்கள், தம் பதிவு எதற்குப் பயன்படும் என்பதை முன்னரே அறிந்து அதைச் செய்யவில்லை. விடுபடாமற் செய்தார்கள், அதனால் பின்னர் வந்தவர்களுக்கு அது பயன்பட்டது.