மாடிக்கு ஒரு செக்கப் ப்ளீஸ்!

"மழைத்தண்ணி உள்ள வந்தா எல்லாரும் வானத்தைத் திட்டுவாங்க தம்பி. நான் மொதல்ல மாடிக் குழாயைத்தான் பார்ப்பேன்!" தூத்துக்குடியில் ஏ.சி. சர்வீஸ் பார்க்கிற அண்ணாச்சி, கையில் ஸ்பேனரோடு படியேறிக்கொண்டே சொன்னார்.

எங்க அப்பாவோட ஜெராக்ஸ் கடைக்கு அந்த டயலாக் ரொம்ப லேட்!

2023 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கா? 18-ம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் நம்ம மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் கொட்டியது 95 செ.மீ.! தெருவெல்லாம் வெள்ளம். ஆனா, எங்க கடைப் படியோட அது நின்னுடுச்சு. தண்ணி வந்தது மேலே இருந்து! மாடியில் மழைத்தண்ணி இறங்குற ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் கவர் அடைச்சிருக்கு. தேங்கின தண்ணி, ஏ.சி. குழாய்க்காகப் போட்ட துளை வழியா நேரா கீழே இறங்கி, ரெண்டு மெஷின் காலி. மெக்கானிக்கல் படிக்கிற நான் அதுவரை அந்த மாடிக்கு ஏறினதே இல்லைங்கிறதுதான் காமெடி.

ஒரு கணக்கு... ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. தண்ணி நின்னா, 9 டன்னுக்கு மேல பாரம்!

அடுத்த வில்லன், உப்புக் காத்து. அவுட்டோர் யூனிட்டில் பெரும்பாலும் செம்புக் குழாயும் அதைச் சுத்தி அலுமினியத் தகடுகளும் இருக்கும். உப்பு ஈரம் படிஞ்சா ரெண்டும் சேர்ந்து குட்டி பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் அரிச்சுப் போகும். சூடு வெளியேறாது. கம்ப்ரஸர் திணறும். கரன்ட் பில் எகிறும்!

அண்ணாச்சியின் டிப்ஸ்:

* வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். செப்டம்பரிலேயே மாடி ஓட்டைகளைச் சுத்தம் பண்ணிடுங்க.

* தட்டோடு விரிசலையும், குழாய் இறங்கும் துளையையும் வெயில் காலத்திலேயே அடைச்சிடுங்க. ஸ்டாண்டுக்காக மாடியில போல்ட் அடிச்ச இடம்தான் மொதல்ல ஒழுகும்.

* மெயினை ஆஃப் பண்ணிட்டு, அவுட்டோர் யூனிட்டை நல்ல தண்ணியில மெதுவா கழுவுங்க. உப்பு கலந்த போர் தண்ணி வேண்டவே வேண்டாம். வேகமா பீய்ச்சினா தகடு வளைஞ்சிடும்.

* ஸ்டாண்டில் துரு தெரிஞ்சா உடனே மாத்துங்க. அது விழுறது யாரோ ஒருத்தர் தலையில!

இப்பல்லாம் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் மாடியிலதான். அவர் கையில் துடைப்பம், என் கையில் டியூப். போன தடவை ஓட்டைக்குள்ள இருந்து எடுத்தது: காக்கா கொண்டுவந்த கம்பி, ஒரு டீ கப், மறுபடியும் ஒரு பிளாஸ்டிக் கவர்!

உங்க மாடி ஓட்டைக்குள்ள என்ன இருக்கு? மழைக்கு முன்னாடி ஏறிப் பார்த்துடுங்க மக்கா!